முன்கதைச் சுருக்கத்தில் இரண்டாம் பாகம்

தொடர் நாவலின் நடுப் பாகத்தைப் பற்றி வாசகர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: கதை நகரவில்லை. பெங்களூருவில் இதை மூன்று மொழிகளில் கேட்கலாம். சர்ச் ஸ்ட்ரீட்டில் ஆங்கில ஃபேண்டஸி நாவல் வாங்குகிறவரும் சொல்கிறார், அல்சூர்ப் பக்கம் கல்கியைத் திரும்பத் திரும்பப் படிக்கும் தமிழரும் சொல்கிறார், த. ரா. சுப்பராவின் சித்ரதுர்கக் கதைகளை வரிசையாக எடுத்துப் படிக்கும் கன்னட வாசகரும் சொல்கிறார். கைப்பிரதிகளைச் செப்பனிடும் எங்களைப் போன்றவர்களால் இந்தக் குறையை அலட்சியப்படுத்த முடியாது. அதே சமயம் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு இரண்டு போரையும் ஒரு கடத்தலையும் கூடுதலாக எழுதச் சொன்னால் பிரதி கெட்டுப்போகும். வாசகரின் சலிப்பு உண்மை. அதற்கு அவர் காட்டும் காரணம் பெரும்பாலும் தவறு. வேகம் குறைந்ததாக அவர் நினைக்கும் இடத்தில், திரும்பிப் போக முடியாத மாற்றம் எதுவும் நடக்காமல் போயிருக்கிறது.

அமீஷின் சிவா முத்தொகுதியில் நடுவில் நிற்பது 2011இல் வந்த நாகர்களின் இரகசியம். முதல் பாகம் அயோத்தியில், சதியை நோக்கி வரும் நாகனைக் கண்டு சிவன் பாயும் கணத்தில் அறுபட்டு நின்றது. இரண்டாம் பாகம் அதே கணத்தில் தொடங்குகிறது. பிறகு நீண்ட பயணம்: காசி, பிரங்க நாடு, தண்டகாரண்யம், கடைசியில் பஞ்சவடி. பயணம் நீளம், உரையாடல்கள் இன்றைய கல்லூரிப் பேச்சுபோல இருக்கின்றன என்ற குறைகளில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனாலும் அந்தப் பாகம் நிற்கிறது. சிவனின் நண்பர் பிருஹஸ்பதியைக் கொன்றவன் என்று நாம் வெறுத்துவந்த நாகன், சதியின் தந்தையும் மெலூஹாவின் அரசனுமான தட்சன் மறைத்துவைத்த அவளுடைய மகன் கணேசன் என்று தெரியவருகிறது. இன்னொரு நாகராகிய காளி சதியின் இரட்டைச் சகோதரி. முடிவில், இறந்துவிட்டதாக நம்பப்பட்ட பிருஹஸ்பதியே பஞ்சவடியில் உயிரோடு இருக்கிறார். இவை தெரிந்தபின் முதல் பாகத்தைப் பழைய கண்ணோடு படிக்க முடியாது. மெலூஹாவின் ஒழுங்கும் தட்சனின் பாசமும் வேறொன்றாகிவிடுகின்றன. முன்னால் படித்ததை இப்படி மாற்றிவைப்பதுதான் நடுப் பாகத்தின் முதல் வேலை என்று நினைக்கிறேன்.

இதைச் சோதித்துப் பார்க்க நம் வாரப் பத்திரிகைகளே ஒரு கருவியைத் தந்திருக்கின்றன: முன்கதைச் சுருக்கம். இரண்டாம் பாகத்தின் கைப்பிரதி வந்ததும், இன்னும் எழுதப்படாத மூன்றாம் பாகத்துக்கு முன்கதைச் சுருக்கம் எழுதிப் பார்க்க வேண்டும். அதில் இரண்டாம் பாகம் ஒரு வரியில் அடங்கிவிட்டால், எத்தனை சண்டைகள் இருந்தாலும் வாசகர் கதை நகரவில்லை என்றே சொல்வார். முதல் பாகத்துக்கு எழுதிய சுருக்கத்தையே திருத்த வேண்டியிருந்தால் கவலையில்லை. ராபர்ட் ஜோர்டனின் 14 பாகத் தொடரான வீல் ஆஃப் டைமில் பத்தாவதான க்ராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட், 2003இல் வந்தது, வாசகர்களிடம் மிகவும் அடிபட்டது. காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. ஒன்பதாம் பாகத்தின் முடிவில் நடந்த பெருநிகழ்ச்சியின்போது மற்றவர்கள் எங்கே இருந்தார்கள், அதைத் தொலைவிலிருந்து எப்படி உணர்ந்தார்கள் என்பதைச் சொல்லவே பத்தாம் பாகத்தின் பெரும்பகுதி செலவாகிறது. பக்கம் புரள்கிறது, நாள்காட்டி அசைவதில்லை. சுருக்கத்தில் அதற்கு இரண்டு வரிகூடத் தேறாது.

கல்கியின் பொன்னியின் செல்வன் மாயக்கதை அல்ல. ஆனால் பல பாகக் கதையை எப்படிப் படிப்பது என்று தமிழர் பழகிக்கொண்டது அதில்தான், அதனால் அதைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. ஐந்தில் நடுப் பாகம் கொலைவாள், 46 அத்தியாயங்கள். இந்தத் தலைப்பைப் பார்த்துக் கொலையை எதிர்பார்ப்பவர் ஐந்தாம் பாகம்வரை காத்திருக்க வேண்டும். நாவலின் பெயருக்கு உரிய அருள்மொழிவர்மர் காய்ச்சலில் நாகைச் சூடாமணி விகாரத்துக்குக் கொண்டுபோகப்படுகிறார். சுரம் தெளிவது 42ஆம் அத்தியாயத்தில். இரண்டாம் பாகம் புயலும் எரியும் கப்பலுமாகக் கடலில் உச்சம் தொட்டபின் இது மந்தமாகத் தெரிவது இயல்பே. ஆனால் கொல்லுப்பட்டறை அத்தியாயத்தைக் கவனியுங்கள். குதிரைக்கு லாடம் அடிக்க வந்த வந்தியத்தேவன் உலைக்களத்தில் ஒரு வாளைப் பார்க்கிறான். பாண்டியரின் மீன் சின்னம் பொறித்த அந்த வாளைக் கொல்லன் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறான். அங்கே யாரும் யாரையும் தாக்குவதில்லை. என்றாலும் பாண்டியனுக்காகச் சோழரைப் பழிவாங்கத் துடிக்கும் நந்தினியின் மனத்தில் மட்டும் அதுவரை இருந்த பழி, அந்தக் காட்சியில் தீயில் காய்ச்சி அடிக்கக்கூடிய பொருளாகிவிடுகிறது. அதே பாகத்தில் செம்பியன் மாதேவியும் மதுராந்தகனும் பேசும் அத்தியாயம், அரியணை ஆசையை ஒரு தாய் மகனிடமிருந்து அகற்ற முடியாமல் நிற்கும் இடம். இவற்றைச் சுருக்கத்திலிருந்து நீக்கினால் பின்னால் வருவது எதுவும் நிற்காது. இந்த நாவலை மணிரத்னம் எடுத்த இரண்டு படங்களில் முதலாவது 2022இல் கடலோடு முடிந்தது. மீதி மூன்று பாகங்களும் 2023இல் வந்த இரண்டாம் படத்துக்குள் அடைக்கப்பட்டன. அந்த நெருக்கடியில் முதலில் மெலிந்தது இந்த நடுப்பகுதிதான்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வாசகர் காசு கொடுத்து ஒரு புத்தகம் வாங்குகிறார். அதற்குள் ஒரு முடிவை எதிர்பார்க்க அவருக்கு உரிமை இல்லையா? உண்டு. தொடர் முழுதும் முடியட்டும், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள் என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே இல்லை. பாட்ரிக் ராத்ஃபஸின் முத்தொகுதியில் இரண்டாவது நூல் 2011இல் வந்தது. மூன்றாவது இன்றுவரை வரவில்லை. பதில் பின்னால் வரும் என்ற நம்பிக்கையில் பொறுத்துக்கொண்ட கிளைக்கதைகளை இன்று அந்த நம்பிக்கை இல்லாமல் படிப்பவர் வேறுவிதமாக எடைபோடுகிறார். நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை, கருத்து மாறிவிட்டது. நடுப் பாகத்தின் மேல் சொல்லப்படும் கருத்தில் கொஞ்சம் எப்போதும் கடைசிப் பாகத்துக்கான முன்பணம் என்பதையே இது காட்டுகிறது. ஆகவே நடுப் பாகம் தானே திறந்த ஒரு கேள்வியையாவது தானே அடைக்க வேண்டும். டோல்கீன் ஒரே நாவலாக எழுதியதைப் பதிப்பகம்தான் 1954, 1955இல் மூன்று நூல்களாக வெளியிட்டது. அப்படி வெட்டப்பட்ட நடுத்துண்டான தி டூ டவர்ஸில்கூட சாருமானின் கதை ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. ஃப்ரோடோ எதிரியின் கையில் சிக்கியிருக்கும்போது நூல் நின்றாலும், ஒரு வாசலாவது மூடப்பட்ட நிறைவு வாசகருக்குக் கிடைக்கிறது.

இன்னொரு மறுப்பு எனக்கு மேலும் கடினமானது. சுருக்கத்தில் எழுத முடிவதைக் கொண்டே அளந்தால், மொழியாலும் மனநிலையாலும் நிற்கும் பாகங்களை என்ன செய்வது? ஜெயமோகனின் வெண்முரசு 26 நாவல்கள். 2014 முதல் 2020 வரை நாள்தோறும் வெளிவந்தது. நான்காவதான நீலம் ராதையின் பித்தைப் பாடும் நூல். அதன் நிகழ்ச்சிகளைச் சுருக்கினால் நாம் ஏற்கெனவே அறிந்த பாகவதக் கதைதான் மிஞ்சும். ஆனால் பின்வரும் நாவல்களில் அரசியல் கணக்குகளோடு வரும் கிருஷ்ணனைப் படிக்கும்போது, நீலத்தைப் படித்தவரும் படிக்காதவரும் ஒரே மனிதனைப் பார்ப்பதில்லை. மாற்றம் அங்கே நிகழ்ச்சியில் இல்லை, வாசகரின் பார்வையில் இருக்கிறது. முன்கதைச் சுருக்கம் அதைப் பிடிக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படி எழுத முனையும் கைப்பிரதிக்கு, அந்தப் பார்வை அடுத்த பாகத்தின் எந்தக் காட்சியில் வேலை செய்யப்போகிறது என்று ஆசிரியரைக் கேட்பேன். ஒரு காட்சியைச் சுட்டிக்காட்டினால் போதும், பக்கங்களைக் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

வாசகர்களிடம் கேட்கும் கேள்வியையும் இதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிடித்ததா, வேகமாகப் போனதா என்று கேட்டால் வருகிற பதிலால் பயன் குறைவு. எந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள், அதற்குப்பின் எடுத்தபோது யாரைத் தேடினீர்கள் என்று கேட்டால் பதில் பிடிபடுகிறது. ஜார்ஜ் மார்ட்டினின் எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ் 2005இல் வந்தபோது எழுந்த ஏமாற்றத்தில் பெரும்பகுதி முக்கியப் பாத்திரங்களான டிரியன், டேனெரிஸ், ஜான் ஆகியோரின் அத்தியாயங்கள் அதில் இல்லையே என்பதுதான். அவர்களின் கதை 2011இல் வந்த அடுத்த நூலுக்குத் தள்ளப்பட்டிருந்தது. ஆனால் எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸிலேயே செர்சியின் வீழ்ச்சி நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. அதை மெதுவானது என்று சொன்னவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், பலர் டிரியனைத் தேடியதாகத்தான் சொல்லியிருப்பார்கள். இல்லாதவரைத் தேடும் ஏக்கத்தை அத்தியாயங்களை வெட்டித் தீர்க்க முடியாது. ஆட்களைப் பாகங்களுக்குள் பிரித்துவைக்கும் கட்டத்திலேயே, முதல் வரைவுக்கு முன்பே, தீர்க்க வேண்டியது அது.