‘கூடாது’ என்று சொன்ன வாய்

2021 ஜூலை. குறுவை நடவு நேரம். பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் நின்று அந்தப் பெண் கேட்டாள்: “நர்சக்கா, நீங்கதானே கூடாதுன்னு சொன்னீங்க?”

அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம், தலைப்பிரசவம். கொரோனா தடுப்பூசியைக் கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அவள் கேட்டதில் பொய் ஒன்றும் இல்லை.

தஞ்சைப் பக்கத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். என் பொறுப்பில் ஐயாயிரம் பேர் இருந்தார்கள். புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். கர்ப்பிணிகளுக்கு டிடி ஊசி போடுவதில் எனக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை. “கையை நீட்டும்மா” என்பேன், நீட்டுவார்கள். கர்ப்பம் தெரிந்ததும் ஒன்று, நான்கு வாரம் கழித்து இன்னொன்று. தாய்சேய் நல அட்டையில் தேதியைக் குறித்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிடுவேன். ஏன் இந்த ஊசி என்று யாரும் கேட்டதில்லை. நானாகச் சொன்னதும் குறைவு.

அந்த நம்பிக்கையை நான் சம்பாதித்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அதைச் சம்பாதித்தவர்கள் எனக்கு முன்னால் வரப்பு வரப்பாக நடந்த மருத்துவச்சிகளும் நர்சுகளும். அவர்கள் காலத்தில் ரணஜன்னி பிள்ளைகளைக் கொண்டுபோனது. தொப்புள்கொடியைத் துருப்பிடித்த கத்தியால் அறுப்பதும், காயத்தில் சாணியோ சாம்பலோ வைப்பதும் வழக்கமாக இருந்தது. இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை, பிறகு வாயைத் திறக்க முடியாமல், உடம்பு வில்லாக வளைந்து செத்துப்போகும். தாய்க்கு டிடி ஊசி போட்டால் அவள் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேரும். பிறந்த முதல் வாரங்களில் பிள்ளைக்கு அதுதான் காவல். இந்த ஊசியும் சுத்தமான பிரசவமும் சேர்ந்து, 2015-ல் தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக அறிவிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த பாட்டிமார்கள் பேத்திகளைத் தாங்களே கூட்டிவந்து என் முன்னால் உட்காரவைத்தார்கள். யாரோ விதைத்ததை நான் அறுத்துக்கொண்டிருந்தேன்.

2021 ஜனவரி 16-ல் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது கர்ப்பிணிகளுக்கு அனுமதி இல்லை. அந்த ஊசிகளைச் சோதித்துப் பார்த்தபோது கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை என்பதுதான் காரணம். ஏப்ரலில் இந்தப் பெண் பரிசோதனைக்கு வந்தபோது, “எனக்கும் அந்த ஊசி உண்டாக்கா?” என்று கேட்டாள். எனக்குக் காரணம் தெரியும். சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். “வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டுப் போடக் கூடாது” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

‘கூடாது’ என்று சொல்ல வேண்டிய ஊசிகள் உண்டு. ரூபெல்லா தடுப்பூசியில் உயிருள்ள கிருமியை வலுக்குறைத்து வைத்திருக்கிறார்கள். அதைக் கர்ப்ப காலத்தில் போடுவதில்லை. கொரோனா ஊசி அந்த வகையில் சேராது. அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டியது, “இன்னும் அனுமதி வரலைம்மா, வந்தா நானே வந்து சொல்றேன்” என்பதுதான். ‘இன்னும் வரலை’ என்பதற்கும் ‘கூடாது’ என்பதற்கும் உள்ள தூரத்தை ஜூலையில் அந்தக் கதவு எனக்குக் காட்டியது.

அதற்குள் இரண்டாம் அலை வந்து போயிருந்தது. தொற்று வந்த கர்ப்பிணிகளிலும் பிரசவித்த பெண்களிலும் அறிகுறியோடு அவதிப்பட்டவர்கள் முதல் அலையில் 14.2 சதவீதம், இரண்டாம் அலையில் 28.7 சதவீதம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சொன்னது. ஜூலை 2-ல் மத்திய அரசு கர்ப்பிணிகளுக்கும் அனுமதி கொடுத்தது. நான் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனேன்.

கதவருகே அவள் மாமியாரும் வந்து நின்றார். “ஏப்ரல்ல கூடாதுன்னீங்க, இப்ப போடுங்கறீங்க. ஊசி மாறுச்சா, நீங்க மாறிட்டீங்களா?”

நியாயமான கேள்வி. அதற்கு நான் சொன்ன பதில்: “மேலேர்ந்து உத்தரவு வந்திருக்கு பெரியம்மா.” அவர்கள் பேசாமல் நிற்கவும் எனக்குக் கோபம் வந்தது. “நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். வாழ்நாளில் நான் வருந்தும் வார்த்தைகளில் அது ஒன்று.

அதற்குப் பிறகு அவள் பரிசோதனைக்கே வரவில்லை. மே மாத ஊரடங்கில் தாய் வீட்டில் இருந்ததால் தள்ளிப்போயிருந்த இரண்டாவது டிடி ஊசியும் அப்படியே நின்றது. என் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே எடை, ரத்த அழுத்தம், ரத்தச் சோகை எல்லாக் கட்டமும் ஐந்து வாரமாகக் காலி. அதே தெருவில் இன்னும் இரண்டு கர்ப்பிணிகள் என்னைக் கண்டால் உள்ளே போனார்கள். ஒரு ஊசியை மறுக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் மறுத்தது என்னை.

ஒருநாள் சாயங்காலம் வேக்சின் கேரியர் இல்லாமல், பதிவேடு இல்லாமல் அவள் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தேன். “அன்னிக்கு நான் கூடாதுன்னு சொன்னது தப்பு. கர்ப்பிணிங்கள வச்சுச் சோதிச்சுப் பாக்கலை, அதனால அப்ப அனுமதி தரலை. அதை நான் சொல்லியிருக்கணும். ஏதாவது ஆனா கேக்காதீங்கன்னு சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. எது ஆனாலும் என்னைத்தான் கேக்கணும்” என்றேன்.

மாமியார் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு கேள்விகள் வந்தன. பிள்ளைக்கு ஊனம் வருமா? காய்ச்சல் வந்தால் மாத்திரை போடலாமா? நீங்கள் போட்டுக்கொண்டீர்களா? தெரிந்ததைச் சொன்னேன். மற்ற நாடுகளில் கர்ப்பிணிகள் சில மாதங்களாகவே போட்டுக்கொள்கிறார்கள், பிள்ளைகளுக்குக் கெடுதல் எதுவும் தெரியவரவில்லை. கை வலியும் ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் வரலாம், பாரசிட்டமால் போடலாம். நான் இரண்டு டோஸும் போட்டுக்கொண்டேன். “பத்து வருஷம் கழிச்சு என்னன்னு கேட்டா எனக்குத் தெரியாது. நோய் வந்தா என்ன ஆகும்ங்கறத இந்தக் கோடையில பாத்துட்டோம். முடிவு உன்னோடது. வேணாம்னு சொன்னாலும் செக்கப்புக்கு மட்டும் வந்துடும்மா.”

அடுத்த புதன்கிழமை வந்தாள், டிடி ஊசிக்கு மட்டும். அன்று ரத்த அழுத்தம் பார்த்தபோது என் கை நடுங்கியது: 150/100. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மாத்திரை கொடுத்து, கண்காணிப்பில் வைத்து, தாயையும் பிள்ளையையும் நல்லபடியாகப் பிரித்தெடுத்தார்கள். பிரசவத்துக்கு முன்னாலேயே கணவனோடு வந்து கொரோனா ஊசியும் போட்டுக்கொண்டாள். அதற்காக நான் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. அந்த ஐந்து வாரம் பத்து வாரமாகியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் கெடும்.

அதன்பிறகு டிடி ஊசியைக்கூட ‘கையை நீட்டு’ என்று நான் போட்டதில்லை. இது எதற்கு, பிள்ளைக்கு எப்படிப் போகிறது, என்ன வலிக்கும் என்ற மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுப்பேன். இரண்டு நிமிடம்தான் ஆகும். வரிசை காத்திருக்கும்.

2023-ல் அவள் இரண்டாவது கர்ப்பத்தோடு வந்தாள். “மூணு வருஷத்துக்குள்ளதானேக்கா, இந்தத் தடவை டிடி ஒண்ணு போதும்ல?” என்று அவளே கேட்டாள். போதும் என்றேன். பக்கத்தில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி அட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, எதையோ கேட்க நினைத்துக் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள். இவள் அவளைத் தோளால் இடித்தாள்.

“கேளு. அக்கா சொல்லுவாங்க.”