பதினாலாவது பத்தி

போன மாசம் அம்மாவுக்கு என்னால தப்பு மாத்திரை போயிருக்கும். திருச்சியில ஒரு மருந்துக்கடைக்காரர் புண்ணியத்துல தப்பிச்சோம்.

ஞாயித்துக்கிழமை காலையில மயூர் விஹார் பால்கனியில காபியோட உக்காந்து கும்பகோணத்துக்கு போன் போடறது என் வழக்கம். (டெல்லிக்கு மாத்தும்போது மூணு வருஷம்னாங்க. ஒம்பது ஆச்சு.) அம்மா சொல்றதை ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல்ல தட்டி வெச்சுப்பேன். வாரத்துக்கு ஒரு பத்தி, வருஷத்துக்கு ஒரு ஃபைல். வீட்டு வரி, அத்தையோட மனஸ்தாபம், நார்த்தங்காய் ஊறுகாய், மருந்து எல்லாம் ஒண்ணா கிடக்கும்.

அம்மா தங்கை வீட்டுக்கு திருச்சி கிளம்பினப்போ ஃபைலை அவளுக்கும் பகிர்ந்துட்டு, "பிரஷர் மாத்திரை விவரம் 14-வது பத்தியில இருக்கு"ன்னு மெசேஜ் அனுப்பினேன். கணுக்கால் வீங்குதுன்னு டாக்டர் அம்லோடிபின் 5 மில்லிகிராமை 2.5 ஆக்கினது அதுலதான் இருந்தது. அப்புறம் ரொம்பப் பொறுப்பா ஃபைலோட தலையில டாக்டர் போன் நம்பர், பென்ஷன் விவரம்னு ரெண்டு பத்தி சேர்த்தேன். மத்ததெல்லாம் ரெண்டு படி கீழே இறங்கிடுச்சு. அவ எண்ணிப் பார்த்தப்போ 14-ல இருந்தது பழைய 12. அதுல 5 மில்லிகிராம்.

கடைக்காரர் சீட்டைக் கேட்டார். அம்மா கைப்பையிலேர்ந்து எடுத்த சீட்டுல 2.5.

"ஏண்ணா, இருபது வருஷமா சர்க்குலர்ல பாரா நம்பர் பார்த்துத்தானே வேலை பண்றே?"ன்னா தங்கை. சுருக்குன்னுது.

நியாயம்தான். சட்டம் எழுதறவங்களுக்கு இது பழைய தலைவலி. 2002-ல 86-வது திருத்தத்துல கல்வி உரிமையை அரசியலமைப்புல சேர்த்தப்போ, அதை 22 ஆக்கி மத்ததை எல்லாம் கீழே தள்ளலை. 21-க்கும் 22-க்கும் நடுவுல 21ஏ-ன்னு செருகினாங்க. பழைய தீர்ப்புல 22-ன்னு இருந்தா அது அதே 22-தான். மொத்தமா மாத்தினா என்ன ஆகும்னு பார்க்கணும்னா 2025 வருமான வரிச் சட்டம் இருக்கு. நம்ம 80சி அதுல 123. என் கவுன்டர்ல இதுவரைக்கும் ஒருத்தர்கூட 123-ன்னு சொல்லி நான் கேட்கலை :-)

இப்ப அதே ஃபைல்களை ஆப்சிடியன்ல திறக்கறேன். 2020-ல வந்த மென்பொருள். ஃபைல் சாதா டெக்ஸ்டாவே நம்ம கிட்டயே இருக்கும். பத்தி முடிவுல ஒரு இடம் விட்டு, ^ போட்டு, ஒரு பேர் எழுதினா போதும். வேற ஃபைல்லேர்ந்து சுட்டி கொடுக்க, ரெட்டை சதுர அடைப்புக்குள்ள ஃபைல் பேர், #^, அந்தப் பேர். மேலே நூறு பத்தி சேர்த்தாலும் சுட்டி அதே பத்திக்குத்தான் போகும். அந்த அடையாளம் பத்தியோட சேர்ந்தே இருக்கே.

குறையும் இருக்கு. பத்தியை வெட்டி வேற ஃபைல்ல ஒட்டினா சுட்டி அறுந்துடும். நோட்பேட்ல திறந்தா அந்தப் பேர் வெறும் எழுத்தா தெரியும், சொடுக்கினா எங்கேயும் போகாது. எனக்கு வருத்தம் என்னன்னா, அந்தப் பேருக்கு இங்கிலீஷ் எழுத்து, எண், சின்னக் கோடு மட்டும்தான் ஆகும். "மருந்து"ன்னு தமிழ்ல வைக்க முடியலை. தமிழ்ப் பத்திக்கு இங்கிலீஷ்ல வால்!

அப்புறம், மாத்திரைக்கு சுட்டியை மட்டும் நம்பறதில்லை. சீட்டைப் போட்டோ எடுத்து தங்கைக்கு அனுப்பிடறேன்.

போன ஞாயிறு அம்மாகிட்ட இதை விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, "அத்தையைப் பத்தி நான் சொன்னதுக்கும் பேர் வெச்சிருக்கியாடா? அதை மொதல்ல அழி"ன்னாங்க.