மிஞ்சிய கமரா

பொழுதுபோக்காக ஒளிப்படம் எடுக்க விழையும் ஒருவர் முதலில் எதிர்கொள்ளும் வினா, எந்தக் கமராவை வாங்குவது என்பதாகும். இவ்வினாவிற்குக் கடைக்காரரிடமும் நண்பரிடமும் ஆயத்தமாகவே விடைகள் உள. மெகாபிக்சல் எத்தனை, உணரியின் பருமன் யாது, வில்லையின் துவாரம் எவ்வளவு விரியும் என்றவாறு அவை நீளும். பிலிமா, டிஜிற்றலா என்ற விவாதமோ இன்னுஞ் சூடானது. எனினும் அவ்விவாதத்தில் ஈடுபடுவோருட் பலர், யாரைப் படம் எடுக்கப் போகின்றனர் என்பது குறித்து ஒரு சொல்லேனுங் கூறுவதில்லை. பேராதனையில் வரலாறு பயிலும் மாணவி ஒருத்திக்கு இவ்வினா எழுந்தபோது கமரா முடிவாகியிருக்கவில்லை. எடுக்க வேண்டிய முகம் முடிவாகியிருந்தது. அது நீர்வேலியில் வாழும் அவளது அம்மம்மாவின் முகம்.

அம்மம்மாவிற்கு வயது 84. அவருடைய இளமைக்காலப் படம் ஒன்றேனும் வீட்டில் இல்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, அக்குடும்பம் தூக்கிச் சென்ற பைகளுள் ஒன்றில் மாமாவின் கமரா இருந்தது. விலையுள்ள பொருளென்று கருதி யாரோ அதனை எடுத்து வைத்திருந்தனர். கலியாணப் படங்களும் நெகற்றிவ் உறைகளும் அலுமாரியிலேயே கிடந்தன. 1996 இல் திரும்பி வந்தபோது அலுமாரியே இருக்கவில்லை. படம் பிடித்த கருவி மிஞ்சிற்று. பிடித்த படங்கள் மிஞ்சவில்லை. இன்று அம்மம்மாவின் பழைய தோற்றத்தைக் காட்டுவது அடையாள அட்டையிலுள்ள முத்திரை அளவான முகம் மட்டுமே. அதிலும் அவர் எவரையோ கண்டு அஞ்சியவர் போலவே காணப்படுகின்றார்.

அந்தக் கமரா, மாமா மத்திய கிழக்கில் தொழில் செய்த காலத்தில் வாங்கிய பென்ராக்ஸ் கே 1000. 1976 முதல் 1997 வரை உற்பத்தியான இவ்வகைக் கமரா, உலகின் பல பாகங்களிலும் ஒளிப்படம் பயிலும் மாணவரின் முதற் கருவியாக விளங்கியது. அதன் பற்றரி ஒளிமானிக்கு மட்டுமே உரியது. பற்றரி தீர்ந்தாலும் கமரா இயங்கும். ஆயினும் நெடுங்காலம் இருளிலும் ஈரத்திலும் கிடந்ததால் வில்லையின் ஓரத்தில் பூஞ்சணம் சிலந்தி நூல் போலப் படர்ந்திருந்தது. பின்மூடியில் ஒளி புகாது தடுக்கும் பஞ்சும் கரைந்து பிசினாகியிருந்தது. கண்டியில் ஒருவர் அதனைத் துப்புரவாக்கிக் கொடுத்தார். (பழைய கமரா வாங்குவோர் விற்பவரின் சொல்லை நம்பாது, வில்லையூடாக ரோச் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தல் நன்று.)

அதே வேளையில், நண்பி ஒருத்தி தான் பாவித்த டிஜிற்றல் கமராவை மலிவாகத் தர முன்வந்தாள். இரண்டையும் சீர்தூக்கினால், கணக்கு டிஜிற்றலின் பக்கமே சாய்கின்றது என்பதை மறுத்தற்கில்லை. எடுத்த கணமே படத்தைப் பார்க்கலாம், பிழையைத் திருத்தலாம், நூறு படத்திற்கும் ஒரே செலவு. பிலிம் சுருளிலோ 36 படங்கள். அச்சுருளின் விலையும் அதனைக் கொழும்புக்கு அனுப்பிக் கழுவுவிக்கும் செலவும் மகாபொலப் பணத்தின் பெரும்பங்கை விழுங்கிவிடும். உச்சி வெயிலில் வெள்ளைச் சேலையைப் படமெடுக்கையில், அளவுக்கு மிஞ்சிய ஒளியை நெகற்றிவ் பிலிம் ஓரளவு தாங்கிக்கொள்ளும், டிஜிற்றல் உணரியில் அப்பகுதி வெறும் வெண்மையாகிவிடும் என்பது உண்மையே. ஆனால் பிலிமுக்கு ‘உயிர்’ உண்டு என்று சிலர் உருகுவது மிகை. அவர்கள் உயிர் எனக் கொள்வது பெரும்பாலும் அதன் மணித்தன்மையைத்தான். கொடாக் நிறுவனத்திற் பணியாற்றிய ஸ்ரீவன் சசன் 1975 இல் உருவாக்கிய முதலாவது டிஜிற்றல் கமரா, ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 செக்கன் எடுத்தது. அந்நிறுவனமே 2012 இல் வங்குரோத்துப் பாதுகாப்பை நாட நேர்ந்தது. எனினும் பிலிம் மாண்டுவிடவில்லை. 2024 இலும் பென்ராக்ஸ் பெயரில் புதிய பிலிம் கமரா ஒன்று சந்தைக்கு வந்தது.

அவளது தயக்கத்திற்குக் காரணம் வேறு. கைத்தொலைபேசியை உயர்த்திய போதெல்லாம் அம்மம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “சும்மா இரு மோனை” என்று வெங்காயம் உரிப்பதைத் தொடர்ந்தார். அப்படங்களில் அம்மம்மாவின் கைகள் உண்டு, அம்மம்மா இல்லை. விடுமுறையில் பழைய கமராவை மேசைமேல் வைத்ததும் அவர் கூர்ந்து பார்த்தார்.

“உது தம்பியின்ரை கமராவெல்லோ?”

பின்னர், “பொறு, சீலை மாத்திக்கொண்டு வாறன்” என்று உள்ளே போனார். தலை வாரி, திருநீறு பூசி, விறாந்தைத் தூணருகே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். கைகள் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக, கண்கள் நேராக. அந்த இருப்பு ஸ்ரூடியோக் காலத்து இருப்பு. யூலியா மார்கிறற் கமரன் 1863 இல், தம் 48 ஆவது வயதில், மகள் பரிசளித்த கமராவுடன் படமெடுக்கத் தொடங்கினார். 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே மறைந்தார். அவர் முன் அமர்ந்தோர் சில நிமிட நேரம் அசையாதிருக்க வேண்டியிருந்தது. கருவியின் மந்தம் அம்முகங்களுக்கு ஓர் ஆழத்தை அளித்தது எனலாம். அம்மம்மாவைப் பொறுத்தவரையிற் கமரா என்பது அத்தகைய மதிப்புக்குரிய பொருள், தொலைபேசி அன்று.

அவள் இரண்டு நாட்கள் படமெடுத்தாள். எண்காட்டி 36 ஐத் தாண்டி 38 க்குச் சென்றபோது, இரண்டு படம் இலாபமென்று மகிழ்ந்தாள். மகிழ்ந்திருக்கக் கூடாது. கொழும்பிலிருந்து திரும்பிய கறுப்பு வெள்ளைச் சுருள் தலை முதல் கால் வரை கண்ணாடி போற் தெளிந்திருந்தது. பிலிமின் நுனி உருளையிற் கொழுவப்படவேயில்லை. கமரா ஒவ்வொரு முறையும் ஒலித்தது, எண் நகர்ந்தது. பிலிம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கனடாவிலிருந்து மாமா தொலைபேசியிற் கேட்ட முதற் கேள்வி: “சுத்தேக்கை இடப்பக்கக் குமிழும் சேர்ந்து சுத்தினதோ?” அவள் அதைப் பார்க்கவேயில்லை.

பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில் அவள் நண்பியின் டிஜிற்றல் கமராவை வாங்கினாள். வெற்றுச் சுருள் தந்த ஏமாற்றமே காரணமென்று விடுதியிற் பேசிக்கொண்டனர். அவள் எண்ணியதோ அந்த அலுமாரியை. நெகற்றிவ் ஓரிடத்தில் மட்டுமே இருக்கும். அவ்விடத்தை விட்டு ஓட நேர்ந்தால் அதுவும் போய்விடும். டிஜிற்றற் படமோ நீர்வேலியிலும் கனடாவிலும் ஒரே வேளையில் இருக்கக்கூடியது. மெகாபிக்சல் கணக்கைக் காட்டிலும் வலிதான இக்காரணத்தை எந்தக் கடைக்காரரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஆயினும் மாமாவின் கமராவையும் அவள் கைவிடவில்லை. அதில் எடுக்கும் நெகற்றிவ்களை வெளிச்சத்தின்மேல் வைத்து டிஜிற்றற் கமராவாற் படமெடுத்து மாமாவிற்கு அனுப்புவது அவளது எண்ணம்.

அடுத்த விடுமுறைக்கு இரு கமராக்களோடும் ஊர் சென்றாள். அம்மம்மா வாசலிலேயே கேட்டார்.

“முந்தி எடுத்த படம் கழுவி வந்திட்டுதோ, மோனை?”

அவள் நடந்ததைச் சொன்னாள். அம்மம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப திரும்பவும் சீலை மாத்தோணும்” என்று சொல்லிக்கொண்டு உள்ளே சென்றார்.

அவள் விறாந்தையில் அமர்ந்து, புதிய சுருளின் நுனியை உருளையிற் கொழுவி, மூடியை மூடி, நெம்பை ஒருமுறை இழுத்தாள். இடப்பக்கக் குமிழ் சுழன்றது. நம்பிக்கையின்றி இன்னொரு முறை இழுத்தாள். மீண்டுஞ் சுழன்றது.