மையத்தில் மறையும் சிறு விண்மீன்கள்

பெரிய மகெல்லன் மேகத்தின் டாரன்டுலா நெபுலாவுக்கு நடுவே இருக்கும் ஆர்136 என்ற கொத்தில் விண்மீன்களை எண்ணுவது என் வேலை. தொலைவு சுமார் 1,60,000 ஒளியாண்டு. கொத்துக்கு வயது பத்து இருபது லட்சம் ஆண்டுகள்தான். அதன் மையத்தை ஆயிரம் சூரியன்களுக்கு மேல் எடையுள்ள ஒற்றை விண்மீன் என்று ஒரு காலத்தில் சிலர் கருதினார்கள். 1985-இல் வானியலாளர்கள் வைகெல்ட்டும் பையரும், மிகக் குறுகிய நேரப் படங்கள் பலவற்றைச் சேர்த்துக் கூர்மையாக்கும் ஸ்பெக்கிள் முறையில் பார்த்தபோது அது எட்டாகப் பிரிந்தது.

விண்மீன்களின் நிறைப் பரவலுக்கு 1955-இல் வானியற்பியலாளர் சால்பீட்டர் சொன்ன கணக்குதான் இன்றும் எங்களுக்கு அளவுகோல். நிறை இருமடங்காகும்போது, ஒரே அகலமுள்ள நிறை இடைவெளியில் கிடைக்கும் விண்மீன்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறையும். ஆர்136-இன் மையத்தில் இந்தச் சரிவு தட்டையாகத் தெரிந்தால், கனமானவை உள்ளே கூடியிருக்கின்றன என்று எழுதத் தோன்றும். அது உண்மையாகவும் இருக்கலாம். கனமானவை அங்கேயே பிறந்திருக்கலாம். அல்லது ஈர்ப்பு இழுபறியில் சிறியவற்றிடம் வேகத்தை இழந்து உள்ளே இறங்கியிருக்கலாம்.

ஆனால் நெரிசலும் அதே தோற்றத்தைத் தரும். மையத்தில் பெரியவற்றின் ஒளிவட்டத்துக்குள் சிறியவை மூழ்கிவிடுகின்றன. ஒட்டியிருக்கும் இரண்டு, பிரித்தறிய முடியாமல், ஒரே கனத்த விண்மீனாகப் பதிவாகின்றன. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்வதில்லை, ஒரே பக்கம் இழுக்கின்றன. இந்த வேலையில் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது இதுதான்.

முதல் பிழைக்கு மருந்து உண்டு. பிரகாசம் தெரிந்த போலி விண்மீன்களைப் படத்தில் நாமே தூவி, விண்மீன்களை எண்ணும் அதே நிரலை ஓட்டி, எத்தனை திரும்பக் கிடைக்கின்றன என்று பார்ப்பது. நூறில் முப்பதே கிடைத்தால், படத்தில் கண்ட முப்பது உண்மையில் நூறு. இதை ஒவ்வொரு பிரகாசத்துக்கும், மையத்திலிருந்து ஒவ்வொரு வளையத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கொத்து முழுவதற்கும் ஒரே திருத்தம் போட்டால், வெளிவட்டத்தின் நல்ல எண்கள் மையத்தின் இழப்பை மறைத்துவிடும். சலிப்பூட்டும் வேலை என்பார்கள். எனக்கு இதுவே பிரியமான பகுதி.

இரண்டாவது பிழைக்குக் கூர்மையான படம்தான் வழி. 2010-இல் கொத்தின் மையத்திலுள்ள ஆர்136ஏ1 விண்மீனுக்கு 265 சூரிய நிறை என்றார்கள். 2022-இல் ஜெமினி தெற்குத் தொலைநோக்கியின் ஸ்பெக்கிள் படம் அண்டை விண்மீன்களை இன்னும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. மதிப்பு 200-க்கு அருகே இறங்கியது. நிறைப் பரவலின் உச்சியே இப்படி நகரும்போது, அடிவாரத்தை உறுதியாகப் பேசத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

அதனால் போலி விண்மீன்களில் பாதிகூடத் திரும்பாத வளையத்துக்கு நான் சரிவு எண் கொடுப்பதில்லை. அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாகவே போகும்.