பழைய பஞ்சாங்கமும் கெட்வெர்ஷன்எக்ஸும்

பொட்டி தட்டுற மக்களே, உங்ககிட்ட இன்னும் பழைய எம்எஸ்டிஎன் சிடி இருக்கா? பரண்ல போட்டுடுங்க. ஏன்னு சொல்றேன்.

ஆம்பூர்ல ஷூ அப்பர் தைக்கிற கம்பெனி ஒண்ணு. பீஸ் கணக்குல கூலி. ஜோடி எண்ணி கூலிச்சீட்டு அடிக்கிற மென்பொருள், விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்லயே "விண்டோஸ் 10 வேணும்"னு அடம் புடிச்சுது. அன்னிக்கு சனிக்கிழமை, சம்பள நாள். தையல் அக்காங்க எல்லாம் வரிசையில நிக்கிறாங்க.

துருவிப் பாத்தா, எழுதினவர் நம்பினது கெட்வெர்ஷன்எக்ஸ் ஃபங்ஷன. ஓடுற விண்டோஸ் எந்தப் பதிப்புன்னு அது சொல்லும்னு பழைய சிடியில இருக்கு. எழுதின காலத்துல அது உண்மைதான். ஆனா 2013ல வந்த விண்டோஸ் 8.1லேர்ந்து கதை வேற. மேனிஃபெஸ்ட்ல புதுப் பதிப்பைக் குறிப்பிடாத நிரலுக்கு 6.2, அதாவது விண்டோஸ் 8ன்னுதான் பதில் வரும். பதிப்பு எண்ணைத் தப்பா சோதிக்கிற பழைய நிரல்கள் படுத்துடாம இருக்க மைக்ரோசாஃப்ட் பண்ண ஏற்பாடு இது.

எக்ஸி பக்கத்துல மேனிஃபெஸ்ட் கோப்பு ஒண்ணு வச்சு, விண்டோஸ் 10க்கான அடையாளத்தைச் சேர்த்தேன். 10.0ன்னு ஒழுங்கா வந்துச்சு. சீட்டும் அடிச்சுது.

இனிமே எந்த ஃபங்ஷனா இருந்தாலும், அந்தப் பக்கம் எந்த வருஷத்துதுன்னு முதல்ல பாருங்க. அப்புறம் நாலு வரி நிரல் எழுதி ஓட்டிப் பாருங்க. நமக்கு பத்து நிமிஷ வேலை, அவங்களுக்கு அது ஒரு வாரக் கூலி.