இரண்டு மாடி இதயம்

ஃபிலடெல்ஃபியாவின் பிராங்க்ளின் இன்ஸ்டிடியூட் அருங்காட்சியகத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு ஓர் இதயம் நிற்கிறது. 220 அடி ஆளுக்குத்தான் பொருந்துமாம். 1954இல் மரச்சட்டம், கம்பிவலை, காகிதக்கூழ் கொண்டு கட்டியது. சில மாதத்தில் பிரித்துவிடத்தான் திட்டம், கூட்டம் விடவில்லை. ரத்தம் போகிற வழியிலேயே நாமும் போகலாம். குறுகலான படிக்கட்டு, காதருகே ‘லப்-டப்’, முன்னும் பின்னும் பள்ளிப் பிள்ளைகள். இடது கீழறையில், கூட வந்த மச்சான் நின்றுவிட்டார்.

“இந்தச் செவுருதான் மாப்ள எனக்குத் தடிச்சிருக்குது?” என்று தட்டிப் பார்த்தார்.

“ஆமாங்க மச்சான்.”

எக்கோவில் அவருக்கு 18 மில்லிமீட்டர். 15ஐத் தொட்டாலே டாக்டர்கள் சந்தேகப்படுவார்கள். புதுச் செல்கள் பெருகி வந்த தடிமன் அல்ல. இருக்கிற தசை செல்களே பருத்து, வரிசை குலைந்து, குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன.

காரமடைத் தேரில் வடம் பிடித்தவருக்கு இதன் காரணம் புரியும். எத்தனை பேர் இழுத்தாலும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்தான் தேரை நடத்துகிறார். தசை செல்லுக்குள் இழுப்பது மயோசின். கட்டை போடுவது ‘மயோசின் பைண்டிங் புரோட்டீன் சி’. கட்டை சரியாக விழாவிட்டால் இழுப்பு அடங்காது, செல் முழுசாகத் தளர்வதுமில்லை. இந்தப் புரதத்தின் மரபணுவில் 25 எழுத்து உதிர்ந்த வடிவம் தெற்காசியரில் நூற்றுக்குச் சுமார் 4 பேரிடம் உண்டு என்று 2009இல் சொன்ன ஆய்வின் முதல் ஆசிரியர் பெருந்துறை எஸ். தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் தங்கராஜும் அதில் உண்டு. பெருந்துறை என்றதும் மச்சானுக்கு ஒரே பெருமை! எழுத்து உதிர்ந்த எல்லோருக்கும் நோய் வராது, ஆபத்து கூடும் என்று சொல்லிவைத்தேன்.

சிரமப்படும் தசை செல் டி.ஜி.எஃப்.-பீட்டா போன்ற ரசாயனங்களால் அக்கம்பக்கத்துக்குச் சேதி அனுப்புகிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கிளர்ந்தெழுந்து கொலாஜன் நாரைக் குவிக்கின்றன. நாரின் விறைப்பே தசை செல்லுக்குத் திரும்பிவரும் இன்னொரு சேதி. செல்லுக்குச் செல் தாவும் மின்சாரமும் நாரைச் சுற்றிப் போகவேண்டி, துடிப்பு தடுமாறுகிறது. ஸ்கூல்கில் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வழியாகச் சேகரித்த 42 இதயங்களிலிருந்து ஏறக்குறைய 6 லட்சம் செல் உட்கருக்களைத் தனித்தனியே படித்து, 2022இல் ‘நேச்சர்’ இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நோயால் தடித்த இதயத்திலும் விரிந்த இதயத்திலும் கிளர்ந்த ஃபைப்ரோபிளாஸ்ட் கூட்டம் ஒன்று இருந்தது. செயலிழக்காத இதயங்களில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

“பசங்களுக்கும் வருமா மாப்ள?”

மரபணுக் கோளாறாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச்சேர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றேன். ஊரில் அப்போது நடுராத்திரி. அவர் போனைப் போட்டு அக்காவை எழுப்பி, “ரெண்டு பேத்துக்கும் நாளைக்கே எக்கோ எடுத்துரு” என்றார்.