கூடாரம் எங்கே அமைப்பது?



இவ்வாண்டு நோன்புப் பெருநாள் பங்குனியில் வருகிறது. ஒரு மழை பெய்துவிட்டால் ஏற்காட்டின் காப்பித் தோட்டங்கள் வெண்ணிறப் பூக்களால் நிறையும் பருவம் அது. பெருநாளுக்குப் பின் இரண்டு இரவுகள் அங்கே கூடாரத்தில் தங்குவோம் என்று ஷஅபான் மாதத்திலேயே பிள்ளைகளுக்கு வாக்களித்துவிட்டேன்.

நான் விரும்பியது தனிமையான கூடாரம். நாமே சுமந்து சென்று, காட்டோரத்தில் அமைத்து, விண்மீன்களின் கீழ் உறங்கி, ஃபஜ்ருக்கு எழ வேண்டும். எளிதில் சுமக்கத்தக்க தோல் கூடாரங்களை அல்லாஹ் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆவது வசனத்தில் நினைவூட்டுகிறான். அவ்வசனத்தைப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் நான், ஓர் இரவேனும் கூடாரத்தில் உறங்கியதில்லை.

திட்டத்தை வீட்டில் விவரித்தபோது பிள்ளைகள் துள்ளினர். எழுபது வயதைக் கடந்த என் உம்மா மட்டும் மெதுவாகக் கேட்டார்கள்: "ராத்திரி ஒளூ செய்ய எவ்வளவு தூரம் நடக்கணும் தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. முழங்கால் வலியுள்ள உம்மா இரவில் இருமுறையாவது எழுவார்கள். தஹஜ்ஜுத் தொழுகையை அவர்கள் விட்டு நான் கண்டதில்லை. "நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கிறேன்" என்று அவர்களே முடித்துவிட்டார்கள். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. அதுதான் என்னை உறங்கவிடவில்லை.

தொழுகை நடத்துபவர் பின்னால் நிற்கும் பலவீனரையும் நோயாளியையும் முதியவரையும் கருதித் தொழுகையை இலகுவாக்க வேண்டும் என்ற நபிமொழியை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். மூவர் பயணம் சென்றாலும் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் நபிவழியே. இப்பயணத்தின் தலைவன் நான். என் பின்னால் வரும் பலவீனரையோ நான் வீட்டிலேயே நிறுத்தத் துணிந்திருந்தேன்.

மறுநாள் எல்லா முறைகளையும் புதிதாக எண்ணிப் பார்த்தேன். காட்டில் தங்க வனத்துறையின் அனுமதி வேண்டும். பங்குனியோ சருகு காய்ந்து காட்டுத்தீ பரவும் காலம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது. இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்குமாறும், அது விலங்குகளும் விஷ ஜந்துக்களும் நடமாடும் இடம் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இடத்தைத் தேர்வதும் மார்க்கம் கற்பித்த ஒழுக்கமே.

விடுதி அறை பாதுகாப்பானதுதான். ஆனால் பிள்ளைகளுக்கு அளித்த வாக்கு அதில் நிறைவேறாது.

இறுதியில் ஒரு காப்பித் தோட்டத்தைத் தேர்ந்தோம். அங்கே சமதரையில் கூடாரம் அமைத்துத் தருகிறார்கள். குளியலறையும் தண்ணீர்க் குழாயும் இருபதடி தொலைவில் உள்ளன. பெண்களுக்குத் தனிக்கூடாரம் உண்டு. உம்மாவுக்கு மட்டும் அருகிலுள்ள சிறு அறையில் கட்டில். கூடாரத்தின் வாயில் அவ்வறையை நோக்கி இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

இவ்வாறு செல்ல எண்ணுவோர்க்குச் சில குறிப்புகள். கிப்லா திசையைப் பகலிலேயே பார்த்து அடையாளமிடுங்கள். ஒவ்வொருவருக்கும் கைவிளக்கு இருக்கட்டும். உறங்குமுன் நெருப்பை முற்றிலும் அணையுங்கள். நபி (ஸல்) அவர்களின் கட்டளையும் அதுவே. எங்களைப் போல் தஞ்சைப் பகுதியிலிருந்து ஏற்காடு செல்வோர் பயணிகளே. இரண்டு நாள் தங்குவதால் அச்சலுகை நீங்காது. நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கித் தொழலாம்.

முடிவைச் சொன்னபோது உம்மா ஏதும் கூறவில்லை. மாலையில் பார்த்தேன்: தம் பழைய கம்பளியை எடுத்து வெயிலில் உலர்த்தியிருந்தார்கள்.

பலவீனரை விட்டுச் செல்லாத பயணங்களை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.